மலை ஊருக்கு ஏத்த பேக்கிங் மிக்ஸ்: மைதா இல்லாம, பேக்கிங் பவுடர் எவ்வளவு?

கேத்தி வள்ளி

எல்லாருக்கும் வணக்கம். கடையில விக்கிற பான்கேக் மிக்ஸ், கேக் மிக்ஸ் பாக்கெட்டுக்குப் பதிலா வீட்டுலயே ஒரு மிக்ஸ் கலந்து டப்பாவுல வெச்சுக்கணும். கோதுமை மாவும் ராகியும் அடிப்படையா இருக்கணும். மைதா, வனஸ்பதி ரெண்டும் வேண்டாம். சர்க்கரையையும் மிக்ஸுக்குள்ள சேர்க்காம, தேவைப்படுறப்ப போட்டுக்கலாம்னு நினைக்கிறேன். காலையில தோசைக்கல்லுல பான்கேக், சாயங்காலம் மஃபின், மழை நாள்ல காரப் பணியாரம், எல்லாத்துக்கும் அதே டப்பாவுல இருந்து எடுக்கிற மாதிரி வேணும்.

கேள்வி இதுதான். எல்லா குறிப்புலயும் ஒரு கப் மாவுக்கு ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர்னு இருக்கு. அது சமவெளிக் கணக்கு. ஊட்டிக்குப் பக்கத்துல இருக்கிற கேத்தி, லவ்டேல் மாதிரி மலை ஊர்ல அதை எவ்வளவு குறைக்கணும்? ராகி எத்தனை பங்கு வரைக்கும் தாங்கும்? பனியும் மழையுமா இருக்கிற மாசங்கள்ல கலந்த மிக்ஸ் எத்தனை நாள் நிக்கும்? என்கிட்ட இருக்கிறது 28 லிட்டர் ஓடிஜி (மேசை மேல வெக்கிற கரண்ட் ஓவன்). முட்டை சேர்த்தும் வேணும், சேர்க்காமலும் வேணும்.

மேல்மலை பேக்கர் (ஊட்டி)

வள்ளி, சரியான இடத்துல கேட்டீங்க. ஊட்டி கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,240 மீட்டர். இங்க காத்தழுத்தம் கடற்கரையில இருக்கிறதுல முக்கால் பங்குதான். பேக்கிங் பவுடர் விடுற வாயு அதே அளவு தான், ஆனா மேல அழுத்துற காத்து கம்மிங்கிறதால அது கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கூடுதலா விரியும். மாவு வெந்து இறுகுறதுக்கு முன்னாடியே உப்பி உச்சிக்குப் போயிடும், தாங்க முடியாம நடுவுல உட்காந்துடும். கேக் நடுவுல குழி விழுந்தா நிறைய பேர் "பவுடர் பத்தலை"ன்னு இன்னும் அரை ஸ்பூன் சேர்ப்பாங்க. மலையில அதுக்கு நேர்மாறா செய்யணும்.

ஏறக்குறைய ஒரு கிலோ வர்ற அளவு சொல்றேன். தராசுல நிறுத்துப் போடுங்க. ஆட்டாவை அமுக்கி அள்ளினா கப்புக்கு 150 கிராம் வரும், தூவி நிரப்பினா 120 தான் வரும். அந்த வித்தியாசத்துலயே பாதி குளறுபடி நடக்குது.

கோதுமை மாவு 500 கிராம்
ராகி மாவு 150 கிராம்
ஓட்ஸ் பொடி 150 கிராம்
சாமை மாவு 100 கிராம்
கொழுப்பு நீக்கின பால் பவுடர் 60 கிராம்
பேக்கிங் பவுடர் 28 கிராம்
தூள் உப்பு 9 கிராம்

இதுல மாவு மட்டும் 900 கிராம். சமவெளியில 120 கிராம் மாவுக்கு 5 கிராம்னு வெச்சா 37 கிராம் பேக்கிங் பவுடர் போடணும். ஊட்டி, கேத்தி, கொடைக்கானல் உயரத்துக்கு கால் பங்கைக் கழிச்சா 28. குன்னூர், கோத்தகிரிக்கு 30 போடலாம். கூடலூர் ஆயிரம் மீட்டர்கிட்ட தான் இருக்கு, அங்க 33 வரைக்கும் போகலாம்.

பேக்கிங் பவுடர், உப்பு, பால் பவுடர் மூணையும் முதல்ல ஒரு பிடி மாவோட தனியா கலந்து சலிச்சிடுங்க. அப்புறம் மொத்த மாவோட சேர்த்து இன்னும் ரெண்டு தடவை சலிங்க. சல்லடையில தங்குற தவிட்டைத் தூக்கிப் போடாம திரும்ப மாவுலயே சேர்த்துடுங்க, நார்ச்சத்தே அதுலதான் இருக்கு. சலிக்கிறது தவிட்டை எடுக்க இல்லை, பவுடர் ஒரே சீரா பரவுறதுக்காக. சரியா பரவலைன்னா ஒரு பான்கேக் புசுபுசுன்னும் அடுத்தது தட்டையாவும் வரும், கடிக்கிறப்ப அங்கங்க சோடா கசக்கும்.

ராகி ஆறுல ஒரு பங்குக்கு மேல போகாம இருக்கிறது நல்லது. ராகிக்கும் சாமைக்கும் ஓட்ஸுக்கும் இழுவை கிடையாது. உப்பின வாயுவைப் பிடிச்சு நிறுத்துறது கோதுமை மட்டும்தான். கோதுமை பாதிக்குக் கீழ போனா பணியாரத்துக்குப் பரவாயில்லை, மஃபின் பொலபொலன்னு உதிரும்.

எண்ணெயை மிக்ஸுக்குள்ள சேர்க்காதீங்க. பாக்கெட் மிக்ஸுல கெட்டிக் கொழுப்பு சேர்க்கிறதே மாசக்கணக்குல கெடாம நிக்கணும்னுதான். வீட்டுல செய்யறப்ப அன்னன்னிக்கு எண்ணெயோ வெண்ணெயோ சேர்த்தாப் போதும்.

மாவு மில் அண்ணாச்சி (கோத்தகிரி)

பேக்கர் தம்பி கொடுத்த அளவுல எனக்கு மறுப்பு இல்லை. ஆனா பேக்கிங் பவுடரை மிக்ஸுக்குள்ளயே கலந்து வைக்கச் சொல்றதை ஒத்துக்க மாட்டேன். நம்ம ஊர்ல வேணவே வேணாம்.

பேக்கிங் பவுடர்ங்கிறது சோடாவும் காய்ஞ்ச அமிலமும் சேர்ந்தது. ஈரம் பட்ட உடனே ரெண்டும் வேலையை ஆரம்பிச்சிடும். ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவத்துல நனையும், குன்னூர் கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெருசு. அந்த மாசங்கள்ல ஒவ்வொரு தடவை டப்பாவைத் திறக்கறப்பவும் பனிக்காத்து உள்ள போகும். மூணாவது வாரம் பாத்தா பவுடர் பாதி செத்திருக்கும், ஆனா மாவைப் பாத்தா தெரியாது. அதனால மாவை மட்டும் பெரிய டப்பாவுல வைங்க. பேக்கிங் பவுடரைத் தனியா சின்ன கண்ணாடி பாட்டில்ல இறுக மூடி வைங்க. 125 கிராம் மிக்ஸுக்கு, அதாவது ஒரு கப்புக்கு, தலைதட்டி முக்கால் டீஸ்பூன். காலையில அவசரத்துல இதுக்கு அரை நிமிஷம் கூட ஆகாது.

பவுடர் உயிரோட இருக்கான்னு பாக்கணும்னா கால் கப் கொதிக்கிற தண்ணியில அரை டீஸ்பூன் போடுங்க. சீறிக்கிட்டு நுரைக்கணும். சோம்பலா ரெண்டு குமிழி வந்தா புதுசு வாங்குங்க. சமையல் சோடாவுக்கு வெந்நீர் சோதனை சரிப்படாது, எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்க.

இப்ப மாவு விஷயம். மில்லுல அரைச்சு வாங்கறீங்கன்னா மாவு சூடா இறங்கும். அந்தச் சூட்டோட டப்பாவுல போட்டு மூடினா மூடிக்குள்ள வேர்த்துக் கொட்டும், நாலு நாள்ல பூஞ்சை வாடை வந்துடும். சுத்தமான வேட்டியிலயோ பெரிய தாம்பாளத்துலயோ விரல் உயரத்துக்குப் பரப்பி முழுசா ஆற விடுங்க. ஓட்ஸ் வறுத்து அரைச்சாலும் இதே கணக்கு. நம்ம குளிர்ல வெளிப்புறம் சீக்கிரம் ஆறிடும், குவியலுக்கு நடுவுல சூடு நிக்கும். கையை உள்ள விட்டுப் பாருங்க.

ராகியை நைஸா அரைக்கச் சொல்லுங்க. களிக்கு அரைக்கிற பதம் பேக்கிங்கிற்கு ஆகாது, பல்லுல நறநறக்கும். மில்லுல மிளகாயோ மல்லியோ அரைச்ச கையோட உங்க மாவை இறக்கச் சொல்லாதீங்க, மஃபின்ல மல்லி வாசனை அடிக்கும்.

சம்பா கோதுமை கிடைச்சா விடாதீங்க. முன்னாடி நம்ம மலையிலயே விளைஞ்சது. வெலிங்டன்ல இருக்கிற கோதுமை ஆராய்ச்சி நிலையத்துலயும் இந்த இனத்துல வேலை நடந்திருக்கு. இதுக்கு இழுவை கம்மி, அதனால பான்கேக்கும் மஃபினும் மெதுவா வரும். ரொட்டிக்கு அது குறைதான், இங்க அதுவே நல்லது. மணி கடினம், மாவு கொஞ்சம் ரவை பதமா இருக்கும், ரெண்டு ஓட்டு அரைக்கச் சொல்லணும். முழுசும் சம்பாவா போடாம பாதிக்குப் பாதி சாதாரண கோதுமையோட சேருங்க.

எத்தனை நாள் நிக்கும்னு கேட்டீங்க. தவிடும் முளையும் சேர்ந்த மாவுல எண்ணெய் இருக்கு, அது காறிப் போகும். வெளியில வெச்சா ஒரு மாசம், ஃபிரிட்ஜுல மூணு மாசம். குளிர் ஊரு தானேன்னு நம்பாதீங்க. குளிருக்கு வண்டு கம்மியா வரும், ஆனா ஈரம் பூஞ்சையைக் கூட்டிட்டு வரும். ஃபிரிட்ஜுல இருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்காம கொஞ்ச நேரம் வெளிய வெச்சுத் திறங்க, இல்லேன்னா மாவு மேல நீர் கோர்க்கும். நாக்குல ஒரு சிட்டிகை வெச்சுப் பாருங்க. காறலா, கசப்பா இருந்தா மாட்டுக்குத்தான்.

மேல்மலை பேக்கர் (ஊட்டி)

அண்ணாச்சி சொல்றது மழை மாசங்களுக்கு நூத்துக்கு நூறு சரி. ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் காய்ஞ்ச காத்துதான், அப்ப ஒரே மாசத்துல தீர்ற அளவுக்குக் கலந்தா உள்ளேயே சேர்க்கலாம். மத்தபடி தனியாவே வைங்க வள்ளி, அதுதான் பாதுகாப்பு.

இனி செய்முறை. கீழ நான் கப்புன்னு சொல்றது 125 கிராம் மிக்ஸ். பேக்கிங் பவுடரைத் தனியா வெச்சிருந்தா ஒவ்வொரு கப்புக்கும் அந்த முக்கால் டீஸ்பூனைச் சேர்த்துக்கணும்.

பான்கேக்: மிக்ஸ் 1 கப், முட்டை 1, பால் 170 மில்லி, எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். ஈரப் பொருளைத் தனியா அடிச்சு மாவுல ஊத்தி, பத்துப் பதினஞ்சு சுத்து கிளறினாப் போதும். சின்னச் சின்னக் கட்டி இருக்கட்டும். பத்து நிமிஷம் விடுங்க. தவிடும் ராகியும் தண்ணி குடிக்கிறதுக்கு அந்த நேரம் வேணும். அதுக்குள்ள கெட்டியாகும், ரெண்டு ஸ்பூன் பால் விட்டுத் தளர்த்தலாம். கனமான தோசைக்கல், மிதமான தீ. மேல வர்ற குமிழி உடைஞ்சு ஓட்டை அப்படியே நின்னா திருப்பலாம். பால் பவுடர் இருக்கிறதால சீக்கிரம் சிவக்கும், தீ தூக்கலா இருந்தா வெளிய கருகி உள்ள மாவா இருக்கும்.

கேரட் மஃபின்: மிக்ஸ் 2 கப், நாட்டுச் சர்க்கரை 90 கிராம், முட்டை 2, எண்ணெய் 60 மில்லி, பால் 220 மில்லி, பொடியா துருவின ஊட்டி கேரட் 100 கிராம், பட்டைத் தூள் அரை டீஸ்பூன். ஓடிஜியை 190 டிகிரியில 15 நிமிஷம் சூடாக்குங்க. சமவெளிக் குறிப்புல 180ன்னு தான் இருக்கும். இங்க பத்து டிகிரி ஏத்துறது, உப்பினது அமுங்கறதுக்குள்ள ஓரம் இறுகறதுக்காக. குழியில பாதிக்குக் கொஞ்சம் மேல வரைக்கும்தான் ஊத்தணும், முக்கால்வாசி நிரப்பினா வழியும். நடுத் தட்டுல வெச்சு, மேலும் கீழும் ரெண்டு கம்பியும் எரியவிட்டு 18 முதல் 20 நிமிஷம். முதல் 12 நிமிஷம் கதவைத் திறக்கவே கூடாது.

சர்க்கரையைக் கூட்டாதீங்க. உயரத்துல ஈரம் சீக்கிரம் ஆவியாகும், மிச்சம் இருக்கிற நீர்ல சர்க்கரை செறிவாகிடும். சர்க்கரை கூடினா மாவு இறுக இன்னும் அதிகச் சூடு தேவைப்படும், அதனாலயும் நடுவுல இறங்கும். சமவெளிக் குறிப்புல இருக்கிற பாலை மலையில 20, 30 மில்லி கூட்டச் சொல்றதும் ஈரம் சீக்கிரம் ஆவியாகுதுங்கிற இதே காரணத்துக்குத்தான்.

ஸ்கோன் (டீயோட சாப்பிடற சின்ன பன் மாதிரி): மிக்ஸ் 2 கப், குளிர்ந்த வெண்ணெய் 60 கிராம், சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், குளிர்ந்த பால் 130 மில்லி. வெண்ணெயை விரல் நுனியால மாவுல தேய்ச்சு ரவை மாதிரி ஆக்கிப் பாலை விட்டுச் சேர்த்து, பிசையாம ரெண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி வெட்டுங்க. 210 டிகிரி, 14 நிமிஷம். இங்க வெண்ணெய் உருகற கவலை கம்மி, அந்த விதத்துல நம்ம ஊரு ஸ்கோனுக்குன்னே அமைஞ்சது. வெட்டறப்ப அச்சைத் திருகாம நேரா அமுக்கி எடுங்க, திருகினா ஒரு பக்கமா சாஞ்சு எழும்பும்.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். இந்த மிக்ஸுல ஸ்பாஞ்ச் கேக் வராது, ஈஸ்ட் ரொட்டியும் வராது. எட்டு இஞ்ச் வட்ட டின்ல பெரிய கேக்கா ஊத்தினா நடுவுல இறங்கறதுக்கு வாய்ப்பு அதிகம். சின்னக் குழி, நீள ரொட்டி டின், தோசைக்கல், இதுக்குத்தான் இது லாயக்கு.

கேத்தி வள்ளி

ரொம்ப நன்றி அண்ணா, அண்ணாச்சி. ரெண்டு துணைக் கேள்வி இருக்கு. முட்டை இல்லாம செய்யறதா இருந்தா என்ன மாத்தணும்? கோத்தகிரியில அம்மா வீட்டுல ஓவன் கிடையாது, அவங்க இதை எதுல செய்யலாம்?

வட்டக்கானல் சமையல் (கொடைக்கானல்)

முட்டை கட்டுக்கோப்புக்குன்னு இருக்கிறது, மலையில அதோட அருமை இன்னும் கூடுதல். எடுத்துட்டா ரெண்டு வேலை செய்யணும். ஒரு முட்டைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ஆளி விதைப் பொடியை மூணு டேபிள்ஸ்பூன் தண்ணியில பத்து நிமிஷம் ஊற வெச்சு வழவழன்னு ஆனதும் சேருங்க. மஃபினுக்கு இது நல்லா பிடிக்கும். பான்கேக்குக்கு 60 கிராம் கெட்டித் தயிரே போதும். தயிர் சேர்த்தா சமையல் சோடா ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். அரை ஸ்பூன்னு அள்ளிப் போட்டா சோப்பு வாடை வரும், ராகி வேற கருத்துப் போகும். முட்டை இல்லாத மஃபினுக்கு எப்பவும் சின்னக் குழியையே எடுங்க.

ஓவன் இல்லாத வீட்டுக்கு முதல் சிபாரிசு பணியாரக் கல். மிக்ஸ் 1 கப், மோர் 150 மில்லி, பொடியா நறுக்கின வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, துருவின கேரட், சீரகம். மோர்ல புளிப்பு இருந்தா சோடா ஒரு சிட்டிகை. குழியில முக்காலுக்கு ஊத்தி மூடி போட்டுச் சிறு தீயில மூணு நிமிஷம், திருப்பி ரெண்டு நிமிஷம். இந்த மிக்ஸ் உளுந்து மாவு மாதிரி எண்ணெய் குடிக்காது, குழிக்கு நாலு சொட்டு போதும்.

ரெண்டாவது, ஆவியில வேக வைக்கிறது. கொடைக்கானல், ஊட்டி உயரத்துல தண்ணி 93 டிகிரி வாக்குலயே கொதிச்சிடும், கோத்தகிரியில 94. ஆவிச் சூடும் அதே அளவுதான். அதனால சமவெளியில பத்து நிமிஷம்னா இங்க பதினாலு வையுங்க, டம்ளர் உயரமா இருந்தா இன்னும் கூட. இட்லித் தட்டுல ஊத்தினா சீக்கிரம் வேகும். மூடியில துணி கட்டுங்க, இல்லேன்னா சொட்டு விழுந்து மேல்புறம் பிசுபிசுக்கும்.

கனமான இரும்புச் சட்டியில கேக் மாதிரி சுடலாம். அடியில கால் அங்குல உப்பு பரப்பி, ஸ்டாண்ட் வெச்சு, இறுக்கமான மூடி போட்டு மிதமான தீயில பத்து நிமிஷம் சூடாக்கி, டின்னை உள்ள வைங்க. அப்புறம் சிறு தீ, 30 முதல் 35 நிமிஷம். பிரஷர் குக்கர்லயும் செய்யறாங்க, ஆனா கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழட்டணும். தண்ணி இல்லாம சூடாக்கினா அலுமினிய குக்கர் சீக்கிரம் கெடும், இரும்புச் சட்டியே மேல். மேல்புறம் சிவக்காது, வெளுத்துதான் இருக்கும். குச்சி சுத்தமா வந்தா வெந்தாச்சு, நிறத்துக்காகக் காத்திருந்தா அடி தீஞ்சிடும்.

குன்னூர் டயட்டீஷியன்

அளவுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. சத்துக் கணக்கில் சில விஷயங்களை மட்டும் சேர்க்கிறேன்.

ராகியைக் கால்சியத்துக்காகச் சேர்க்கிறோம். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் இருப்பது உண்மை. ஆனால் மேலே சொன்ன ஒரு கப் மிக்ஸில் இருக்கும் ராகி 19 கிராம் தான், அதிலிருந்து கிடைப்பது 65 மில்லிகிராம் அளவு. அதே கப்பில் இருக்கும் ஏழெட்டு கிராம் பால் பவுடரிலிருந்து 90 வரை கிடைக்கிறது. ஆகவே பால் பவுடரை வெறும் ருசிக்கானது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை நீக்கிவிட்டு 60 கிராம் வறுத்த வேர்க்கடலைப் பொடி சேர்க்கலாம். கால்சியம் குறையும், புரதம் நன்றாகவே கிடைக்கும். ஆனால் எண்ணெய்ப் பசை கூடுவதால் அந்த மிக்ஸை ஃபிரிட்ஜில் தான் வைக்க வேண்டும்.

சோடியத்தை யாரும் கவனிப்பதில்லை. ஒரு கப்பில் உப்பிலிருந்து 440 மில்லிகிராம், பேக்கிங் பவுடரிலிருந்து இன்னும் 300க்கு மேல். ஒரு நாளைக்கே 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம் உள்ள வீடுகளில் 9 கிராம் உப்பை 4 கிராமாகக் குறையுங்கள். இது ஈஸ்ட் ரொட்டி அல்ல, உப்பு குறைந்தால் உப்பலுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறைக்கும் மலைக் கணக்கு இந்த வகையிலும் நமக்குச் சாதகம்.

நாட்டுச் சர்க்கரை போட்டால் சர்க்கரை நோயாளிகளுக்குப் பரவாயில்லை என்று பலர் நம்புகிறார்கள். ரத்தத்தில் அதுவும் சர்க்கரையாகத்தான் ஏறும். அவர்களுக்குக் காரப் பணியாரமோ, இனிப்பில்லாத பான்கேக்குடன் முட்டையோ நல்லது. இந்த மிக்ஸை மஃபினாகவே சாப்பிட வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. ஓட்ஸை வாங்கும்போது உடனே வெந்துவிடும் மசாலா வகையைத் தவிர்த்து, உருட்டிய முழு ஓட்ஸ் வாங்கி வீட்டில் பொடியுங்கள்.

வனஸ்பதி பற்றி ஒரு வார்த்தை. 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பழைய அளவுக்கு இப்போது இல்லை. இருந்தாலும் அதில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், நீங்கள் தவிர்ப்பது சரிதான். மஃபினுக்கு வாசனை இல்லாத கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ போதும்.

மாவு மில் அண்ணாச்சி (கோத்தகிரி)

டாக்டரம்மா சொன்ன வேர்க்கடலைப் பொடியை மில்லுக்குக் கொண்டு வராதீங்க, கல்லுல எண்ணெய் ஏறிடும். வீட்டு மிக்ஸியில விட்டு விட்டு அடிங்க, தொடர்ந்து ஓட விட்டா விழுதாகிடும். சாமையைக் கழுவிக் கொண்டு வந்தா நல்ல வெயில் உள்ள நாளா பாத்து ரெண்டு நாள் காய வெச்சுக் கொண்டு வாங்க. பல்லுல கடிச்சா டக்குன்னு உடையணும், நசுங்கினா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம்.

கேத்தி வள்ளி

குறிச்சுக்கிட்டேன். உப்பு 5 கிராம், பேக்கிங் பவுடர் தனி பாட்டில், கோதுமையில பாதி சம்பா. கடைசியா ஒண்ணு: பேக்கிங் பவுடர் தீர்ந்துட்டா சோடாவை வெச்சுச் சமாளிக்கலாமா?

மேல்மலை பேக்கர் (ஊட்டி)

கிரீம் ஆஃப் டார்ட்டர்ங்கிற அமிலப் பொடி கிடைச்சா செய்யலாம். அது ரெண்டு பங்கு, சமையல் சோடா ஒரு பங்கு, சோள மாவு ஒரு பங்கு. இதே முக்கால் டீஸ்பூன் கணக்குதான். ஆனா இது ஈரம் பட்ட உடனே முழு வாயுவையும் விட்டுடும், சூட்டுக்குன்னு மிச்சம் வெக்காது. அதனால பத்து நிமிஷம் ஊற விடற வேலையை முதல்லயே முடிச்சிடுங்க. மாவையும் பாலையும் மட்டும் கலந்து ஊற விட்டு, கல்லு சூடானதுக்கு அப்புறம் பவுடரைத் தூவிக் கலக்கி உடனே ஊத்தணும். கிரீம் ஆஃப் டார்ட்டர் இல்லைன்னா பாலுக்குப் பதிலா புளிச்ச மோர், கப்புக்குக் கால் டீஸ்பூன் சோடா. பான்கேக்கும் பணியாரமும் நல்லா வரும், ஸ்கோனுக்கு மட்டும் அதை முயற்சி பண்ணாதீங்க.